கழற்றிப் போட்ட வால்வு

என் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு மாலை தொங்கும். பூமாலை இல்லை. கட்டுக்கம்பியில் கோத்த தெர்மோஸ்டாட் வால்வுகள். நாற்பது வருஷத்தில் என் கையால் கழற்றியவை. அம்பாசடரில் கழற்றியது, பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றுகிற லாரிகளில் கழற்றியது, கல்யாண வேனில் கழற்றியது, டிராக்டரில் கழற்றியது. சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் ஆணி அடித்து மாட்டியிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்றில் ஆறித் திரும்பி வரும். அந்தப் பாதையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கதவு உண்டு. அதுதான் இந்த வால்வு. எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது மூடியிருக்கும், சூடானால் தானே திறக்கும். பனி கொட்டுகிற ஊர்க்காரன் தன் ஊருக்காகச் செய்தது, கடலூர் வெயிலில் எதற்கு ஒரு மூடின கதவு, கழற்றி எறிந்தால் தண்ணீர் எந்நேரமும் ஓடும், வண்டி ஹீட் ஆகாது. இதுதான் என் கணக்கு. இந்த ஜில்லாவில் பாதி மெக்கானிக்குகளுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவன் நான். டிரைவர்கள் என்னை வால்வு மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பட்டம் மாதிரி.

படித்தது அஞ்சாம் கிளாஸ். கம்மாபுரத்துப் பக்கம் ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்து, கடலூர் செம்மண்டலத்தில் நாலு வண்டி ஒரே நேரத்தில் நிற்கிற ஒர்க்‌ஷாப்பும், அதன் பின்னாலேயே மாடி வீடும் கட்டினேன். இஞ்சினியரிங் படித்தவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழிக்கிற வண்டியை, தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்து இதுதான் கோளாறு என்று சொல்லிவிடுவேன். டாக்டர்களும் தாசில்தார்களும் என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்கள். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவதும் நடந்ததுதான்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரியிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆறு சிலிண்டர், தோல் சீட், கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பதினெட்டு வருஷத்து வண்டி. பார்க்க ஆளில்லாமல் கொட்டகையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வாங்கி வந்து ஒரு மாதம் இறங்கி வேலை செய்தேன். மெழுகு போட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினால் நின்று பார்க்காமல் ஒருத்தனும் போகமாட்டான். எங்கள் வம்சத்தில் அப்படி ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் கிடையாது, ஓட்டினவனும் கிடையாது.

வந்த அன்றைக்கே நான் செய்த முதல் வேலை, அதன் வால்வைக் கழற்றியது. மற்றதை எல்லாம் விடப் பெரிசாக இருந்தது. மாலைக்கு நடுவில் டாலர் மாதிரி கோத்துத் தொங்கவிட்டேன்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே தங்கச்சியின் புருஷன். சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்து ரிடையர் ஆனவர். சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டி ஒரு சந்தில் வீடு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் நான் என்பதால் நான் அவரை ‘நீங்க’ என்பேன், அவர் என்னை ‘நீ’ என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே என்னை ஐம்பது வருஷம் கிண்டலடித்தார். நான் எதையாவது பெருமையாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கடைசியில், “சரி மச்சான், சூரியன் கெழக்கால ஒதிக்கிறதும் ஒன் வேலதானே?” என்பார். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிசினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே நிற்கும். மிசின்தான் வடித்து எடுக்க வேண்டும். இதயமும் கொஞ்சம் பலவீனம், ஒரு தடவை தவறினாலும் தண்ணீர் நெஞ்சில் ஏறி மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில்தான் அவருக்குத் தண்ணீர். வெயில் காலத்திலும் அவ்வளவுதான். தங்கச்சி அதை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு கூடவே திரியும்.

முதலில் சிதம்பரத்திலேயே மிசினில் படுத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஒரு குறையும் இல்லை. நான்தான் கெடுத்தேன். ஒரு நாள் பார்க்கப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார். என் தங்கச்சி புருஷன் இப்படிக் காத்துக் கிடப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கடலூரில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஒரு டாக்டருடைய வண்டி என்னிடம்தான் வேலைக்கு வரும். அங்கே பதினோரு மணி முறைக்கு இடம் வாங்கினேன். போகவும் வரவும் என் கார். சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு ராஜா மாதிரி வரலாம் என்றேன். தங்கச்சி தயங்கியது. இங்கேயே பழகிவிட்டதே அண்ணே என்றது. அண்ணன் பேச்சுக்கு அதற்கு மேல் எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை அதற்கு. என் வீட்டிலேயே தங்கிவிடச் சொன்னேன். பெண் எடுத்த வீட்டில் நாள் கணக்கில் படுத்துக் கிடக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் வாரமே வண்டி வேலையைக் காட்டியது. கடலூருக்குள் சுற்றினால் ஹீட் முள் பாதியில் நிற்கும். சிதம்பரம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு ஏசியைப் போட்டு மிதித்தால், புதுச்சத்திரம் தாண்டினதும் முள் மெல்ல ஏற ஆரம்பிக்கும். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மெதுவாக ஓட்டி எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சும்மா விடுகிற ஆளா நான். தண்ணீர்த் தொட்டி மூடியை மாற்றினேன். மூடி பழசானால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். சரியாகவில்லை. ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தேன், நன்றாகவே சுற்றியது. ஓட்டி வந்து நிறுத்திக் கையை வைத்துப் பார்த்தால் எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் ஜில்லென்று இருக்கிறது. அடைப்பு என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கழற்றிப் பழைய டவுனில் ரேடியேட்டர் வேலை செய்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவர் மேல் வாயில் பைப்பைச் சொருகித் தண்ணீர் விட்டார். கீழே கொட்டு கொட்டென்று கொட்டியது.

“மேஸ்திரி, இதுல அடைப்பே இல்ல,” என்றார் பாய். “இதுக்குள்ள தண்ணி வந்தாத்தானே ஆறும். வரல போலருக்கு. வர்ற வழியப் பாருங்க.”

சரியான பேச்சு. இன்றைக்கு நினைத்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஆனால் வருகிற வழி என்றதும் எனக்குத் தண்ணீரைத் தள்ளுகிற பம்ப்தான் தோன்றியது. பம்பை மாற்றினேன். அப்போதும் அப்படித்தான். பிறகு எஞ்சினின் தலையான ஹெட்டைத் தூக்கி, அதற்கு அடியில் இருக்கிற கேஸ்கட்டை மாற்றினேன். அதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மாப்பிள்ளை ஒரு வாடகை வேனில் வந்து போனார். சீட் கிழிந்த, கதவு ஆடுகிற வேன். ஒரு நாள் கூடப் பத்தே முக்காலைத் தாண்டியதில்லை.

வண்டியில் இருக்கிற அத்தனை சாமானையும் சந்தேகப்பட்டேன். இல்லாத சாமான் ஒன்று இருந்ததே, அது மட்டும் நினைவில் வரவில்லை. என் கணக்கில் வால்வு என்பது ஒரு சாமானே இல்லை. அது கழிவு. குப்பையைப் பற்றி யார் யோசிப்பார்கள்.

கேஸ்கட் போட்டு ஊருக்குள் இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை. வெள்ளிக்கிழமையே வேன்காரனுக்குப் போன் போட்டு நாளையிலிருந்து வராதே என்று சொன்னேன். தங்கச்சி கேட்டது, இன்னும் ஒரு வாரம் வேனிலேயே வரட்டுமா என்று. என் வண்டி மேல் நம்பிக்கை இல்லையா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சிதம்பரத்தில் ஏற்றினேன். சித்திரை வெயில். மாப்பிள்ளைக்குக் கால் வீங்கியிருந்தது, முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. முறை நாள் காலையில் அவர் எப்போதும் அப்படித்தான் இருப்பார். மிசினில் படுத்து எழுந்தால் வடிந்துவிடும். பின் சீட்டில் சாய்ந்துகொண்டார். தங்கச்சி பக்கத்தில் பாட்டில் பையோடு உட்கார்ந்தது.

ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பானட்டின் இடுக்கில் ஆவி. ஓரம் கட்டினேன். கொதிக்கிற தொட்டியைத் திறக்க முடியாது, ஆறட்டும் என்று காத்திருந்தோம். டிக்கியில் ஆறு பெரிய பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். ஆறினதும் ஒவ்வொன்றாக ஊற்றினேன். மாப்பிள்ளை கதவைத் திறந்து காலை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு வெடித்திருந்தது. அவர் பாட்டிலில் அன்றைக்கு இனி மூன்று வாய்தான் மிச்சம். நான் கார் வாய்க்குள் கடகடவென்று ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“குடுத்து வச்ச வண்டி மச்சான்,” என்றார்.

கிளப்பினேன். நாலு கிலோமீட்டர் போகவில்லை, மறுபடி சிவப்பு. நிறுத்தினேன். பத்தேகால் ஆகிவிட்டது. அப்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

“மச்சான், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. மிசின்ல ரத்தம் போற ட்யூப்புக்கும் திரும்பி வர்ற ட்யூப்புக்கும் நடுவால ஒரு சின்ன ட்யூப் இருக்கு. அத கிளிப் போட்டு அடைக்கலன்னா, ரத்தம் வடிகட்டிக்குப் போவாம அது வழியாவே சுத்திக்கிட்டு கெடக்குமாம். மிசின் ஓடுறாப்பல இருக்கும், உள்ள ஒண்ணும் சுத்தம் ஆவாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. எங்க பாய்லர்லயும் அந்த மாதிரி சந்து வழி உண்டு. ஒன் வண்டியிலயும் தண்ணி குறுக்கு வழியில திரும்பிடுதோ என்னமோ. பாரு.”

நான் சிரித்தேன். சிரித்ததுதான் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

“மிசின்ல படுத்துப் படுத்து நீங்களே மெக்கானிக் ஆயிட்டீங்க மாப்ளே,” என்றேன். “நாளைக்கு வந்து கடையில ஒக்காருங்க, நான் பாய்லர் பாக்கப் போறேன்.”

அவரும் சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை.

அந்த நேரம் சிதம்பரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று கொஞ்சம் தள்ளி ஆள் இறக்க நின்றது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். தங்கச்சி தோளைப் பிடித்துக்கொண்டு, “நாங்க இதுல போயிடுறோம் மச்சான், நீ பின்னால வா,” என்றார். இரண்டு எட்டும் வைத்துவிட்டார்.

நான் கையைப் பிடித்தேன். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கை இல்லை, மற்ற கை. கூட்டத்தில் நின்றுகொண்டு போவீர்களா, பத்தே நிமிஷத்தில் கிளப்பிவிடுவேன் என்றேன். அதோடு விட்டிருந்தாலும் அவர் போயிருப்பார். இன்னொன்றும் சொன்னேன்.

“இத்தன பெரிய வண்டிய ரோட்டுல நிறுத்திட்டு நீங்க பஸ்ஸுல போனா, நாளைக்கு ஊர் என்னை என்னா சொல்லும்?”

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

எனக்காகத்தான் உட்கார்ந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் வண்டி கிளம்பவே இல்லை. இதோ இதோ என்று பன்னிரண்டு மணி வரைக்கும் முட்டிப் பார்த்தேன், அதற்குள் போன பஸ் எதையும் கை காட்டி நிறுத்தவில்லை. வேன்காரனைக் கூப்பிட்டால் அவன் வேறு சவாரி எடுத்துக்கொண்டு திருவதிகைக் கோயிலுக்குப் போயிருந்தான். கடைசியில் ஒரு மினி லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோது ஒன்றரை மணி. அவருடைய மிசினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். ராத்திரி வரைக்கும் எல்லா மிசினுக்கும் ஆள் இருந்தது. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், ஊசி போட்டார், தண்ணீரை இன்னும் குறைக்கச் சொன்னார், மறுநாள் ஞாயிறாக இருந்தாலும் காலை எட்டு மணிக்கு இவருக்காகவே மிசினைப் போடுகிறோம் என்றார். மூச்சு முட்டினால் உடனே கொண்டுவந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு என் வீட்டில் தங்கினார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து கிடந்தார், படுத்தால் இரைத்தது.

விடிந்து ஆறரை இருக்கும். நான் வாசலில் அந்த வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கச்சி கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை வாயில் நுரை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது, ஆட்டோ அதை வளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வளைவுக்கு முன்னாலேயே என் மடியில் தலை சாய்ந்துவிட்டது. எட்டு மணி மிசின் அவருக்காகச் சுத்தம் செய்து தயாராக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்து போனபிறகு, பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே தங்கச்சி கேட்டது: “அண்ணே, அந்த வண்டிக்கு என்னாதான் கோளாறு?”

பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கே தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு உள்ளே நான் மட்டும் இருந்தேன். வண்டியைக் கிளப்பி மிதித்துப் பிடித்தேன், அரை மணி நேரம். இறங்கி வந்து கையை வைத்தேன். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் வெதுவெதுப்பு. கீழ் ஹோஸ் ஜில். எஞ்சின் தலையிலிருந்து நேராகப் பம்புக்கு இறங்குகிற ஒரு குட்டை ஹோஸ் உண்டு, சாண் நீளம்தான் இருக்கும். அதைத் தொட்டேன். கை வெந்துவிட்டது.

சந்து வழி.

தண்ணீர் முழுக்க அது வழியாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் பக்கம் போகவே இல்லை.

சுவரிலிருந்து மாலையை இறக்கினேன். கம்பியை அறுத்து நடுவில் இருந்த பெரிய வால்வை எடுத்தேன். லாரி வால்வில் தட்டு ஒன்றுதான் இருக்கும். இதில் இரண்டு. மேலே ஒன்று, அதே தண்டில் கீழே ஒன்று. ஒரு வருஷமாக என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. கீழ்த் தட்டு எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. டீ போடுகிற அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதைப் போட்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சூடு ஏற ஏற மேல் தட்டு திறந்தது. அது திறக்கும்போதே கீழ்த் தட்டு இறங்கியது. வண்டியில் இருந்திருந்தால் அது போய் அந்தக் குட்டை ஹோஸின் வாயை மூடியிருக்கும். நர்சம்மா போடுகிற கிளிப் அதுதான். அதைப் பிடுங்கி மாலை கட்டி மாட்டினவன் நான்.

ஊருக்குள் மெதுவாகப் போனால் ரேடியேட்டருக்குக் கொஞ்சம் போகிற தண்ணீரே போதும். தூரம் போனால், ஏசி போட்டால், மூன்று பேர் ஏறினால் போதாது. எல்லாக் கேள்விக்கும் விடை வந்துவிட்டது. பாத்திரத்துத் தண்ணீர் வற்றுகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அந்த வால்வையே அதன் இடத்தில் போட்டேன். புது ரப்பர் வளையம் வைத்து மூடினேன், அரை நாள் வேலை கூட இல்லை. மறுநாள் காலை சிதம்பரத்துக்கு ஓட்டினேன். ஏசி போட்டு, வேண்டுமென்றே மிதித்து ஓட்டினேன். எங்கேயாவது முள் ஏறட்டும், நான் நினைத்தது தப்பாகப் போகட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆலப்பாக்கம் தாண்டியது. புதுச்சத்திரம் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போதும் முள் பாதியிலேயே இருந்தது, ஆணி அடித்த மாதிரி.

தங்கச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, இரண்டு தட்டு, குட்டை ஹோஸ். முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்ததும் நிறுத்தியது.

“அன்னிக்கு ரோட்டுல அவரு சொன்னாரே, அதுதானா?”

“அதுதாம்மா.”

“அவரு சொன்னப்ப சிரிச்சீங்க.”

“ஆமாம்.”

முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தது. உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தது. சாப்பிட்டேன். தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது. அங்கே அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது, வெயிலில் பளபளவென்று. இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னது:

“அண்ணே, இனிமே வரும்போது பஸ்ஸுல வாங்க.”

பஸ்ஸில்தான் போகிறேன். மாதத்துக்கு இரண்டு தடவை. டிரைவர்கள் இன்னும் வந்து வால்வைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். கார் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. பாட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு நாள் கிளப்பி வைப்பேன். அரை மணி நேரம் ஓடும். பக்கத்தில் நின்று அந்தக் குட்டை ஹோஸில் கை வைத்துப் பார்ப்பேன். சூடே இருக்காது.